ரேடியத்துக்கு ஓர் எடைக்கல்

1912 மார்ச் மாதக் கடைசி. பாரிஸில் மேரி க்யூரியின் பரிசோதனைக்கூடம்.

மேஜைமேல் சில கண்ணாடிக் குழாய்கள். குழாய் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மேரி க்யூரி தயாரித்த குழாயின் நீளம் 32 மில்லிமீட்டர். உள்விட்டம் 1.45 மில்லிமீட்டர். கண்ணாடிச் சுவரின் தடிமன் 0.27 மில்லிமீட்டர். ஒரு தீக்குச்சியை எடுத்துத் தலையைக் கிள்ளிப் போட்டுவிட்டுப் பாருங்கள். கிட்டத்தட்ட அந்த சைஸ். உள்ளே கொஞ்சூண்டு உப்பு. துல்லியமாகச் சொன்னால் 21.99 மில்லிகிராம். ரசத்துக்குப் போடும் ஒரு சிட்டிகை உப்பில் பத்தில் ஒரு பங்கு தேறினால் அதிகம்.

மற்ற குழாய்கள் வியன்னாவிலிருந்து வந்தவை. அவற்றுக்குள்ளும் அதே உப்பு. ரேடியம் குளோரைடு.

கூடியிருந்தவர்களுக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான். இரண்டு ஊர்களில், இரண்டு பேர், தனித்தனியாகச் செய்த இந்தக் குழாய்கள் ஒரே கணக்கைச் சொல்லுமா?

சொல்லாவிட்டால்? ஒரு மில்லிகிராம் ரேடியம் என்றால் எவ்வளவு என்று உலகத்தில் ஒருவருக்கும் உறுதியாகத் தெரியாது என்று அர்த்தம். ஆஸ்பத்திரியில் அதை வைத்து வைத்தியம் பார்க்கிறவர்களுக்கும் தெரியாது. காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்கும் தெரியாது.

குழாயைச் செய்த மேரி அன்றைக்கு அங்கே இல்லை. ஏன் இல்லை என்பதற்குப் பிறகு வருவோம். முதலில், ஒரு சிட்டிகைக்கும் குறைவான உப்புக்கு எதற்கு இத்தனை அமர்க்களம் என்று பார்த்துவிடலாம்.

*

ரேடியம் என்று ஒன்று இருப்பதாக மேரியும் அவருடைய கணவர் பியர் க்யூரியும் அறிவித்தது 1898 டிசம்பரில். அறிவித்தார்களே தவிர, கையில் எடுத்துக் காட்டச் சரக்கு இல்லை. பொஹீமியாவில் யோவாகிம்ஸ்தால் என்று ஒரு சுரங்க ஊர். அன்றைக்கு ஆஸ்திரியச் சாம்ராஜ்யத்தில் இருந்தது. இன்று செக் குடியரசு. ஒரு காலத்தில் அந்த ஊர் வெள்ளியில் அடித்த நாணயத்துக்கு ஊர்ப்பெயரை வைத்து 'தாலர்' என்று பெயர். அந்தத் தாலர்தான் கடல் தாண்டிப் போய் டாலர் ஆனது. வெள்ளி தீர்ந்த பிறகு அதே மண்ணில் யுரேனியம் எடுத்தார்கள். யுரேனியம் எடுத்தது போக மிஞ்சிய கசடைக் குப்பையாகக் கொட்டினார்கள். மேரி கேட்டது அந்தக் குப்பையைத்தான்.

டன் கணக்கில் வந்த குப்பையைக் காய்ச்சி, கரைத்து, வடிகட்டி, திரும்பக் காய்ச்சி, 1902-ல் அவர் பிரித்தெடுத்த ரேடியம் உப்பு ஒரு கிராமில் சுமார் பத்தில் ஒரு பங்கு.

அதற்குப் பிறகு உலகத்துக்கு ரேடியம் பைத்தியம் பிடித்தது. இருட்டில் ஒளிர்கிறது. தானாகவே சூடாக இருக்கிறது. முக்கியமாக, தோலைச் சுடுகிறது. ஆன்றி பெக்கரல் ஒரு குழாயைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்ததில் உடம்பில் புண் வந்தது. பியர் க்யூரி வேண்டுமென்றே தன் கையில் வைத்துப் புண்ணாக்கிப் பார்த்தார். இருவருமாக 1901-ல் அதை எழுதி வெளியிட்டார்கள். நல்ல தோலையே சுடுகிறது என்றால் புற்றுநோய்க் கட்டியையும் சுடுமே என்று டாக்டர்கள் யோசித்தார்கள். அந்த யோசனை சரிதான். கதிர்வீச்சு சிகிச்சை பிறந்தது அங்கேதான்.

சிக்கலும் அங்கேயே பிறந்தது.

டாக்டர்கள் அன்றைக்கு மருந்தளவைச் சொன்ன விதம் 'மில்லிகிராம் - மணி'. அதாவது இத்தனை மில்லிகிராம் ரேடியத்தை இத்தனை மணி நேரம் கட்டியின்மேல் வைக்க வேண்டும். மணியைக் கடிகாரம் பார்த்துச் சொல்லிவிடலாம். மில்லிகிராமை?

தராசில் போட்டால் தெரிந்துவிடாதா என்று கேட்பீர்கள். தெரியாது. ரேடியத்துக்குப் பேரியம் என்று ஒரு பங்காளி உண்டு. குணத்தில் இரண்டும் ஒன்று. ஒன்றைப் பிடித்து இழுத்தால் இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வரும். ஆக, தராசில் வைத்த உப்பில் ரேடியம் எத்தனை, பேரியம் எத்தனை என்பது தராசுக்குத் தெரியாது. அரிசியில் கல் கலந்து விற்றால் மூட்டையின் எடை சரியாகத்தானே இருக்கும்? வியாபாரி வேண்டுமென்று கலக்கக்கூட வேண்டாம். இயற்கையே கலந்து வைத்திருக்கிறது.

அதனால் ஒவ்வொரு பரிசோதனைக்கூடமும் தன்னிடம் இருந்த ரேடியத்தையே சுத்தம் என்று வைத்துக்கொண்டு, மற்றதை அதோடு ஒப்பிட்டது. ரூதர்ஃபோர்டிடம் ஒரு கணக்கு, பாரிஸில் ஒரு கணக்கு, வியன்னாவில் ஒரு கணக்கு. ஊருக்கு ஒரு படி, தெருவுக்கு ஒரு மரக்கால். ஒருவர் அளந்து எழுதியதை இன்னொருவர் சரிபார்க்க முடியவில்லை. ஓர் ஆஸ்பத்திரியில் 50 மில்லிகிராம் என்று எழுதியிருப்பதை நம்பி இன்னோர் ஆஸ்பத்திரியில் 50 மில்லிகிராம் வைத்தால், நோயாளிக்குக் கட்டி கரையாமல் போகலாம். அல்லது சதை வெந்து போகலாம்.

*

1910 செப்டம்பரில் பெல்ஜியத்தின் தலைநகரான பிரஸ்ஸல்ஸில் ஒரு சர்வதேச மாநாடு கூடியது. போதும், ஒரு பொது அளவு வைத்துக்கொள்வோம் என்று முடிவானது. பத்துப் பேர் கொண்ட ஒரு குழு. தலைவர் ரூதர்ஃபோர்ட். அவர் அப்போது இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இருந்தார். செயலாளர் வியன்னாவின் ஸ்டெஃபான் மேயர். உறுப்பினர்களில் மேரி க்யூரி, அவருடைய சகா ஆந்த்ரே டெபியெர்ன், ஜெர்மனியின் ஓட்டோ ஹான், அமெரிக்காவின் போல்ட்வுட், இங்கிலாந்தின் சாடி எல்லாரும் உண்டு. அந்தத் துறையே மொத்தமும் அந்தக் குழுவுக்குள் அடக்கம் என்று சொல்லலாம்.

சுத்தமான ரேடியத்தை எடை போட்டு ஒரு குழாயில் அடைத்துத் தர வேண்டும். உலகத்துக்கே அதுதான் எடைக்கல். யார் செய்வது? மேரி, நான் செய்கிறேன் என்றார். அவரைவிட்டால் வேறு யார்?

அப்படியே அலகுக்கும் ஒரு பெயர் வைத்துவிடலாம் என்று பேச்சு வந்தது. பியர் க்யூரி 1906-ல் பாரிஸ் தெருவில் ஒரு குதிரை வண்டியில் அடிபட்டு இறந்து போயிருந்தார். அவர் நினைவாக 'க்யூரி' என்று வைக்க எல்லோருக்கும் சம்மதம். எவ்வளவை ஒரு க்யூரி என்று சொல்வது? அங்கேதான் தகராறு.

பரிசோதனைக்கூடத்தில் புழங்குவதெல்லாம் மிகச் சிறிய அளவுகள். அதனால் கிராமில் பல கோடியில் ஒரு பங்கு மாதிரி ஏதாவது வைத்துக்கொண்டால் கணக்குப் போடச் சௌகரியம் என்பது சிலர் கட்சி. மேரி ஒப்புக்கொள்ளவில்லை. கண்ணுக்கே தெரியாத ஒரு துளிக்குத் தன் கணவர் பெயரா? முடியவே முடியாது. கடைசியில் அம்மணி சொன்னதே நின்றது. ஒரு முழு கிராம் ரேடியத்தோடு சமநிலையில் இருக்கும் ரேடான் வாயு எவ்வளவோ, அது ஒரு க்யூரி.

கிராம் ரேடியம் என்பது அன்றைக்குப் பெரும்பாலான விஞ்ஞானிகள் ஆயுளில் பார்த்திராத ஒரு குவியல். உளுந்து விற்கிற கடையில் டன்னுக்கு ஓர் எடைக்கல் வைத்த மாதிரி. சிரிப்பாக இருக்கிறது, இல்லையா? இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

*

எடைக்கல் செய்வது எப்படி?

முதலில் பேரியத்தை விரட்ட வேண்டும். உப்பைக் கரைத்து, படிகமாக்கி, படிகத்தை மட்டும் எடுத்துத் திரும்பக் கரைத்து, திரும்பப் படிகமாக்கி... ஒவ்வொரு சுற்றிலும் ரேடியம் படிகத்தோடு கொஞ்சம் கூடுதலாக ஒட்டும். பேரியம் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீரில் தங்கும். இப்படிப் பல சுற்று. நிறமாலையில் பேரியத்தின் கோடுகள் மங்கி மறைகிறவரை விடக்கூடாது.

அடுத்தது ஈரம். உப்பு என்றால் தண்ணீரைக் குடிக்கும். மழைக்காலத்தில் உங்கள் வீட்டு உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தால் தெரியும். 22 மில்லிகிராமை எடை போடும்போது காற்றிலிருந்து ஒட்டிய ஈரத்தையும் சேர்த்துப் போட்டால் கதை முடிந்தது. ஆகவே துளி ஈரம் இல்லாமல் வறட்டி, எடை பார்த்து, குழாயில் இட்டு, வாயை உருக்கி மூட வேண்டும்.

இந்த மூடுவதுதான் மொத்த விஷயத்திலும் அழகான இடம். பாதுகாப்புக்கு மூடினார்கள் என்று நினைத்துவிடக்கூடாது. 1911-ல் அந்தக் கவலை யாருக்கும் அவ்வளவாக இல்லை. அளவு சரியாக வரவேண்டும் என்பதற்காக மூடினார்கள்.

எப்படி? ரேடியம் சிதையும்போது ரேடான் என்ற வாயு பிறக்கிறது. ரேடானும் சிதைந்து அடுத்தடுத்து வேறு தனிமங்களாக மாறிக்கொண்டே போகிறது. வெளியே இருந்து நாம் அளக்கும் காமா கதிரில் பெரும்பங்கு ரேடியத்திடமிருந்து வருவதே இல்லை. அதன் பேரன், கொள்ளுப்பேரன்களிடமிருந்து வருகிறது. குழாயில் ஓட்டை இருந்தால் வாயு தப்பித்துப் போய்விடும். வம்சமே வெளியேறிவிடும். கதிர் குறையும். எடைக்கல் பொய் சொல்லும். இறுக்க மூடிவிட்டால் சுமார் ஒரு மாதத்தில் உள்ளே பிறப்பும் இறப்பும் சமமாகிவிடும். அதற்குப் பிறகு கதிரின் அளவு ஆடாது, அசையாது.

ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 வருடம். 25 வருடத்தில் குறைவது நூற்றுக்கு ஒன்று மட்டுமே. அதையும் முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம். எனவே குழாயை யாரும் திறக்கவே வேண்டியதில்லை. அளக்கவேண்டிய ரேடியத்தை இன்னொரு மூடிய குழாயில் கொண்டுவந்து, அதே தூரத்தில் வைத்து, காமா கதிர் காற்றில் உண்டாக்கும் மின்சாரத்தை இரண்டுக்கும் ஒப்பிட்டால் போதும். காமா கதிருக்குக் கண்ணாடி ஒரு தடையே இல்லை. யாரும் உப்பைத் தொடுவதில்லை, முகர்வதில்லை, சிந்துவதில்லை. துல்லியத்துக்காகப் பூட்டிய பூட்டு, பிற்பாடு பாதுகாப்புக்கும் முதல் விதி ஆனது. கதிரியக்க மூலம் என்றால் முடிந்தவரை மூடியே வைத்திரு.

மேரி இந்தக் குழாயைத் தயாரித்தது 1911 ஆகஸ்டில். அந்த வருடம் அவருக்கு எப்படிப்பட்ட வருடம் தெரியுமா? ஜனவரியில் பிரெஞ்சு அறிவியல் அகாடமி தேர்தலில் சொற்ப ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார்கள். நவம்பரில் சக விஞ்ஞானி பால் லாஞ்செவனோடு அவரை இணைத்துப் பத்திரிகைகள் எழுதித் தள்ளின. வீட்டு வாசலில் கூட்டம் கூடியது. அதே நவம்பரில் இரண்டாவது நோபல் பரிசு அறிவிப்பும் வந்தது. இந்தக் களேபரத்தில் நீங்கள் பரிசு வாங்க நேரில் வராமல் இருப்பதே நல்லது என்று ஸ்வீடனிலிருந்து ஒரு கடிதமும் வந்தது. மேரி போனார். வாங்கினார். திரும்பி வந்து படுத்துவிட்டார். ஆஸ்பத்திரி, ஆபரேஷன் என்று அடுத்த வருடத்தில் பெரும்பகுதி போய்விட்டது. 1912 மார்ச்சில் தன் கூடத்தில் தன் குழாயை மற்றவர்கள் சோதித்தபோது அவர் இல்லாததற்குக் காரணம் இதுதான். அவர் சார்பில் நின்றவர் டெபியெர்ன்.

*

சரி, உலகத்திலேயே ரேடியத்தை நன்றாக அறிந்தவர் மேரி. அவர் செய்த குழாயை அப்படியே ஏற்றுக்கொண்டால் என்ன? எதற்கு வியன்னாவிலிருந்து இன்னொன்று?

காமர்ஸ் படித்த எவரும் இதற்குப் பதில் சொல்லிவிடுவார்கள். எனக்கு முதல் வருடத்தில் சொல்லிக் கொடுத்த பாடம். கணக்கு எழுதியவனே அதைத் தணிக்கை செய்யக்கூடாது. அவன் யோக்கியனா இல்லையா என்பது கேள்வியே இல்லை. யோக்கியனும் தப்பு செய்வான். தன் தப்பு தன் கண்ணுக்குத் தெரியாது.

வியன்னாவில் 1910-ல் ரேடிய ஆராய்ச்சி நிலையம் ஒன்று திறந்திருந்தார்கள். யோவாகிம்ஸ்தால் சுரங்கம் அவர்கள் நாட்டுடையது என்பதால் சரக்குக்குப் பஞ்சம் இல்லை. ஓட்டோ ஹோனிக்ஷ்மிட் என்ற வேதியியல்காரர் அங்கே தனியாக உட்கார்ந்து மூன்று குழாய்கள் தயாரித்தார். 10.11, 31.17, 40.43 மில்லிகிராம். அணு எடைகளைத் துல்லியமாகக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்.

அங்கேதான் வயிற்றில் புளி கரைந்தது. ரேடியத்தின் அணு எடையை மேரி 226-க்குக் கொஞ்சம் மேலே சொல்லியிருந்தார். ஹோனிக்ஷ்மிட்டுக்கு 226-க்குக் கொஞ்சம் கீழே வந்தது. பேரியத்தின் அணு எடை 137தான். அது கலந்திருந்தால் விடை குறையும். அப்படியானால் வியன்னா சரக்கில் பேரியம் இருக்கிறதா? அல்லது மேரியின் கணக்கில்தான் பிசகா? இரண்டில் ஒரு பெரிய மனிதர் அவமானப்படப் போகிறார் என்ற நிலைமை. குழுத் தலைவர் ரூதர்ஃபோர்டுக்கு இது விஞ்ஞானமா பஞ்சாயத்தா என்றே தெரிந்திருக்காது.

குழாய்களை ஒவ்வொன்றாக வைத்து அளந்தார்கள். காமா கதிருக்குப் பாரிஸ் தெரியாது, வியன்னா தெரியாது. நோபல் பரிசும் தெரியாது. அளந்து முடித்தபோது இரு ஊர்க் குழாய்களுக்கும் இடையிலான வித்தியாசம், ஆயிரத்தில் இரண்டு பங்குக்குள் அடங்கிவிட்டது.

அதாவது இரண்டு பேருமே சரி.

மேரியின் குழாய் சர்வதேச அளவை ஆனது. வியன்னாவின் 31.17 மில்லிகிராம் குழாய் அதற்குத் துணை. மூலக் குழாய்க்கு ஏதாவது ஆனால் துணைக் குழாய் சாட்சி சொல்லும். மற்ற நாடுகளுக்கு வியன்னாவில் தயாரித்து, வியன்னாவிலும் பாரிஸிலும் அளந்து பார்த்துச் சான்றிதழோடு அனுப்பும் ஏற்பாடு. நம் ஊர்க் கடைத் தராசில் முத்திரை குத்துகிறார்களே, அந்த மாதிரி.

இன்னும் ஒரு பஞ்சாயத்து பாக்கி இருந்தது. குழாயை எங்கே வைப்பது? என் கூடத்திலேயே இருக்கட்டும் என்றார் மேரி. அவருடைய மனசு புரிகிறது. குப்பையிலிருந்து பிறப்பித்த குழந்தை. ஆனால் உலகத்துக்கே பொதுவான எடைக்கல் ஒரு தனி ஆளின் பீரோவில் இருந்தால், நாளைக்கு அதை எடுத்து அளக்க அவரிடம்தானே அனுமதி கேட்டு நிற்க வேண்டும்? ரூதர்ஃபோர்ட் சத்தம் போடாமல், மனசு நோகாமல் பேசிப் பேசிக் கரைத்தார். 1913 பிப்ரவரியில் மேரி அதைக் கொண்டுபோய்ப் பாரிஸுக்கு வெளியே செவ்ரெயில் இருக்கும் சர்வதேச எடை, அளவை நிலையத்தில் ஒப்படைத்தார். உலகத்தின் மூலக் கிலோகிராமும் மூலமீட்டரும் இருந்த அதே கட்டிடம்.

அடுத்த வருடம் முதல் உலகப்போர் வெடித்தது. பாரிஸும் வியன்னாவும் எதிரி நாடுகள். எடைக்கல் மட்டும் இரண்டு பேருக்கும் பொதுவாகவே இருந்தது. இன்னொரு சங்கதி. வியன்னா அகாடமி போருக்கு முன்பே ரூதர்ஃபோர்டுக்குக் கொஞ்சம் ரேடியத்தைக் கடனாகக் கொடுத்திருந்தது. போர் முடிந்ததும் எதிரியின் சொத்து என்று சொல்லி ஏப்பம் விட்டிருக்கலாம். சட்டம் அவர் பக்கம். ரூதர்ஃபோர்ட் அதற்குக் காசு கொடுத்தார். பணவீக்கத்தில் நொடித்துப்போயிருந்த ஸ்டெஃபான் மேயரின் நிலையம் அந்தப் பணத்தில் மூச்சுவிட்டது.

*

இதெல்லாம் விஞ்ஞானிகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு, நமக்கென்ன என்று தோன்றலாம். நியூஜெர்சிக்குப் போவோம்.

அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தின் ஆரஞ்ச் நகரம். முதல் உலகப்போர் காலத்திலிருந்து அங்கே ஒரு தொழிற்சாலையில் கடிகார முகப்புகளுக்கு ஒளிரும் எண்கள் எழுதினார்கள். மையில் ரேடியம். எழுதியவர்கள் இளம் பெண்கள். எண் மெல்லியதாக வரவேண்டும் என்றால் தூரிகை முனை கூராக இருக்க வேண்டும். உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு துளி உள்ளே போனது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எத்தனை வருடம் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

பல் விழுந்தது. தாடை எலும்பு உளுத்தது. ரத்தம் சுண்டியது. செத்தும் போனார்கள். ரேடியத்தால் அல்ல என்று கம்பெனி சாதித்தது. வேறு நோயின் பெயரைச் சொன்னார்கள். அந்தப் பெண்களின் நடத்தையையே சந்தேகப்படும்படியும் பேசினார்கள்.

சந்தேகத்தைச் சந்தேகத்தால் அடிக்க முடியாது. எண் வேண்டும். அந்த மாவட்டத்தின் மருத்துவ அதிகாரி ஹாரிசன் மார்ட்லாண்ட் 1925-ல் அதைச் செய்தார். இறந்தவர்களின் எலும்பிலும் உயிரோடு இருந்தவர்களின் மூச்சிலும் கதிரியக்கம் இருப்பதை அளந்து காட்டினார். எலும்பில் தங்கிய ரேடியம் ரேடான் வாயுவை விடும். அது மூச்சில் வரும். மூடிய கண்ணாடிக் குழாயில் நடக்கும் அதே சங்கதிதான். இங்கே குழாய்க்குப் பதில் ஒரு பெண். மூடியும் கிடையாது. அந்த மையைக் கண்டுபிடித்து அதே கம்பெனியை நிறுவிய சபின் வான் சொகாக்கியின் மூச்சையும் சோதித்தார்கள். அவருக்குள்ளும் இருந்தது. 1928-ல் அவரும் இறந்தார். கிரேஸ் ஃப்ரையரும் மற்ற நான்கு பெண்களும் போட்ட வழக்கு அதே 1928-ல் சமரசமாக முடிந்து இழப்பீடு வந்தது.

கம்பெனிக்காரர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று பாக்கி. சரி, எவ்வளவு இருந்தால் ஆபத்து? அதற்கு ஒரு மைக்ரோகிராம் என்று யாராவது பதில் சொன்னால், அது எந்த ஊர் மைக்ரோகிராம் என்ற கேள்வி வரக்கூடாது அல்லவா? 1912-ல் தீர்த்து வைத்த பஞ்சாயத்து இங்கே கைகொடுத்தது. எம்.ஐ.டி.யின் ராப்ளி எவன்ஸ் பாதிக்கப்பட்டவர்களின் உடம்பில் உள்ள ரேடியத்தைத் தராதரமான குழாயோடு ஒப்பிட்டு வருடக்கணக்கில் அளந்தார். 1941-ல், மறுபடி ஒரு போருக்காகக் கடிகார முகப்புகள் எழுத ஆள் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிலையம் உச்சவரம்பை வெளியிட்டது. உடம்பில் 0.1 மைக்ரோகிராம் ரேடியம். அதற்கு மேல் போனால் அந்த ஆளை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

அந்த எண்ணை முடிவு செய்த விதம் பற்றி எவன்ஸ் பிற்பாடு சொல்லியிருக்கிறார். குழுவில் இருந்தவர்களிடம் ஒரு கேள்வி வைக்கப்பட்டது. இவ்வளவு ரேடியம் உங்கள் மனைவி உடம்பிலோ மகள் உடம்பிலோ இருந்தால் உங்களுக்குச் சம்மதமா? எல்லோரும் சம்மதித்த எண் அது.

இப்போது அந்த 'க்யூரி'யை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். ஒரு கிராம். 0.1 மைக்ரோகிராம் என்பது அதில் ஒரு கோடியில் ஒரு பங்கு. ஒரு கிராம் ரேடியத்தைப் பங்கு போட்டால் ஒரு கோடிப் பேரின் உச்சவரம்பு நிரம்பிவிடும். பிரஸ்ஸல்ஸில் துளியூண்டு அளவு போதும் என்று வாதாடியவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, மனித உடம்புக்குப் பொருத்தமான பக்கத்தில் நின்றிருக்கிறார்கள். பெயர் பெரிதாக இருக்கவேண்டும் என்று மேரி நினைத்தார். ஆபத்துதான் பெரிதாக இருந்தது.

1975-ல் உலக நாடுகள் அலகையே மாற்றின. புது அலகு பெக்கரல். ஒரு விநாடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல். பழைய க்யூரி ஒன்று, புதுக்கணக்கில் 3,700 கோடி பெக்கரல்.

*

அந்தத் தீக்குச்சிக் குழாய் என்ன ஆயிற்று?

ரேடியத்திலிருந்து கிளம்பும் ஆல்ஃபா துகள் ஒவ்வொன்றும் ஹீலியம் வாயுவாக மாறும். மூடிய குழாய்க்குள் அந்த வாயு வருடா வருடம் சேர்ந்துகொண்டே போகும். கதிர் பட்டுப் பட்டுக் கண்ணாடியும் நொய்ந்துபோகும். எந்த மூடி அளவைச் சரியாக வைத்திருந்ததோ, அதுவே ஒருநாள் வெடித்தால்? இருபது வருடம் தாண்டியதும் பயம் வந்துவிட்டது. 1934-ல் அதே ஹோனிக்ஷ்மிட் புதிதாக 20 குழாய்கள் செய்து கொடுத்தார். அவற்றில் 22.23 மில்லிகிராம் கொண்ட ஒன்று பாரிஸுக்குப் போய், மேரியின் குழாய் இருந்த இடத்தில் உட்கார்ந்தது. பழைய குழாய்க்கு ஓய்வு.

அதே 1934 ஜூலை 4-ம் தேதி மேரி க்யூரி இறந்தார். எலும்பு மஜ்ஜை ரத்தம் உற்பத்தி செய்வதை நிறுத்திவிட்டது. உலகத்துக்கு ரேடியத்தை அளந்து கொடுத்தவர் தன் உடம்பு வாங்கிய அளவை அளந்துகொள்ளவில்லை. அவருடைய நோட்டுப் புத்தகங்கள் பாரிஸ் தேசிய நூலகத்தில் ஈயம் பூசிய பெட்டிகளில் இருக்கின்றன. இன்னும் கதிர் விட்டுக்கொண்டிருக்கின்றன.

ரூதர்ஃபோர்ட் 1937-ல் இறந்தார். குழுவுக்கு ஸ்டெஃபான் மேயர் தலைவரானார். 1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியபோது, யூத வம்சம் என்பதால் மேயர் தன் நிலையத்தை விட்டு வெளியேற வேண்டி வந்தது. சிற்றூர் ஒன்றில் ஒதுங்கிக் கிடந்து போரைத் தாண்டினார். ஹோனிக்ஷ்மிட் தாண்டவில்லை. போர் ஓய்ந்த பிறகு, 1945 அக்டோபரில், ம்யூனிக்கில் அவரும் மனைவியும் தற்கொலை செய்துகொண்டார்கள்.

அவர்கள் ஏற்படுத்திய பழக்கம் மட்டும் அப்படியே நின்றது. 1976-ல் செவ்ரெ நிலையம் ஒரு புது ஏற்பாடு ஆரம்பித்தது. உலகத்துத் தேசியக் கூடங்கள் தாங்கள் அளந்த கதிரியக்கப் பொருளை மூடிய குப்பியில் அங்கே அனுப்பும். அங்கே ஒரே கருவியில் வைத்து ஒப்பிட்டுச் சொல்வார்கள். அந்தக் கருவி தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ள வைத்த மூலம் எது தெரியுமா? மூடிய குழாய்களில் ரேடியம்.

இந்தியாவில் இந்த அளவைகளுக்குப் பொறுப்பு மும்பை டிராம்பேயில் இருக்கும் பாபா அணு ஆராய்ச்சி மையம். ஆஸ்பத்திரியில் தைராய்டு ஸ்கேன், எலும்பு ஸ்கேன் எடுத்தவர்களுக்குத் தெரியும். ஊசி போடுவதற்கு முன்னால் அந்த சிரிஞ்சை ஒரு கிணறு மாதிரியான கருவிக்குள் இறக்கி எண்ணைப் பார்ப்பார்கள். அந்தக் கருவி சரியாகத்தான் சொல்கிறதா என்று அன்றாடம் சோதிக்க, ஊரறிந்த அளவுள்ள ஒரு மூடிய மூலம் அருகில் இருக்கும். பெரும்பாலும் சீசியம்-137.

அடுத்த தடவை உள்ளே போனால் டெக்னீஷியனிடம் கேட்டுப் பாருங்கள், இதை இன்றைக்குச் சரிபார்த்தீர்களா என்று. கோபித்துக்கொள்ள மாட்டார். நூறு வருடத்துக்கு முன்னால் மேரி க்யூரியிடமே அதைக் கேட்டிருக்கிறார்கள்.